பாதிப் பாத்தி

ஐம்பது வயது முடிந்த வருடம் எனக்கு வேலை போனது. இருபது வருடத்துக்கும் மேல் ஒரே கம்பெனியில் இருந்தவன். ஒரு திங்கட்கிழமை காலை கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகப் பேசி, மத்தியானத்துக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வேறு வேலை தேடினேன். பேசியவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். மனைவி காலையில் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு எங்கள் பெங்களூர் தொம்மலூர் வீட்டில் நானும் பிரிட்ஜ் ஓடும் சத்தமும்தான்.

கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அது ஏன் மண்ணில் செய்யும் வேலையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. விவசாயக் குடும்பம் இல்லை. அப்பா கிருஷ்ணகிரியில் தபால் ஆபீசில் இருந்தார். நாங்கள் வளர்ந்தது வாடகை வீடுகளில். ஒருநாள் சமையலறையில் முளைவிட்டிருந்த வெங்காயம் ஒன்றை ஐஸ்கிரீம் டப்பாவில் நட்டு ஜன்னலில் வைத்தேன். தாள் வெளுத்து, நீண்டு, ஒரு வாரத்தில் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பிய பிறகு எங்கள் வீட்டுக்கு நேர் வெயில் கிடையாது. கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதுதான், அதுவும் கொஞ்ச நேரம்.

மொட்டைமாடியில் தொட்டி வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சின்டெக்ஸ் வெச்சதுக்கே கீழ ஒழுகுது சார், இதுல மண்ணு வேறயா?" என்றார். ஹொஸ்கோட்டைப் பக்கம் யாரோ நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தது. யோசித்துவிட்டு அடுத்த மாதம் போனபோது வீட்டு மனை என்று கல் நட்டிருந்தார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி சைட் இருந்தது. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்குப் பதிலாகப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் அனுமதி வாங்கி (வேறு யாரிடம் வாங்குவது?) ஒரு மூலையில் பிளாஸ்டிக்கும் பாட்டிலும் பொறுக்கிச் சுத்தம் செய்தேன். சுத்தமான இடத்தைக் கண்டதும் யாரோ காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த வாரம் இன்னொரு கார்.

கடைசியில் மர்பி டவுனுக்குப் பின்னால், அல்சூர் போகிற வழியில் ஒரு தோட்டம் இருப்பது தெரியவந்தது. குப்பை கொட்டிக் கிடந்த இடம். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்து சுத்தப்படுத்தி, நிலத்தின் சொந்தக்காரரிடம் பேசி, பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பாத்தி. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டால் வருகிற அளவு. எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு கன்னடக்காரப் பெண்மணி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், எல்லோருக்கும் மேடம். என் பெயரைக் காத்திருப்பவர்களோடு சேர்த்துக்கொண்டு, "யாராவது காலி பண்ணா ஃபோன் மாடுறேன் சார். ஆனா யாரும் பண்றதில்ல," என்றார்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று. பாத்தி கிடைத்தவர் ஒருவர் ஊரை விட்டுப் போக வேண்டும், இல்லை நோயில் விழ வேண்டும். அப்போதுதான் எனக்கு. அதற்காகக் காத்துக்கொண்டு இருக்கிறோமே என்று சில சமயம் கூச்சமாக இருக்கும்.

போன் வந்தது. ஒரு குடும்பம் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறது. "ஆனா ஒரு பிராப்ளம் இருக்கு சார். நேர்ல வாங்க."

போனேன். மேடத்தின் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டு, கையில் களைக்கொத்தியோடு தயாராக வந்திருந்தார். பிராப்ளம் இதுதான்: நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பெயர் கொடுத்தவர்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று மேடத்துக்கு நினைவில்லை.

"சீட்டு எழுதிப் போடலாமா?" என்றார் மேடம்.

அந்தப் பெண்மணி என்னை ஒருமுறை பார்த்தார். "எந்தப் பக்கம் தம்பி?"

"தொம்மலூர்."

"என்ன வேல?"

"இப்ப இல்லக்கா."

களைக்கொத்தியைக் கீழே வைத்தார். பிறகு மேடத்திடம், "சீட்டெல்லாம் எதுக்கு மேடம் சும்னே? ஒருத்தர் சிரிச்சினு போவாங்க, ஒருத்தர் மூஞ்சத் தொங்கப் போட்டுனு போவாங்க. பாதி பாதியாக் குடுத்துடுங்க," என்றார்.

அப்படித்தான் நாங்கள் பங்காளிகள் ஆனோம். குப்பை மேட்டில் கிடைத்த செங்கற்களை வரிசையாகப் புதைத்து நடுவில் எல்லை போட்டோம். வேலி ஓரத்துப் பாதி அக்காவுக்கு, நடைபாதை ஓரத்துப் பாதி எனக்கு. மேடம் விதிகளைச் சொன்னார். பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. அடுத்தவர் பாத்தியில் கை வைக்கக் கூடாது. முக்கியமாக, மண் சும்மா கிடக்கக் கூடாது. கொஞ்ச நாள் பார்ப்போம், அப்புறம் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவோம். "தப்பா நெனச்சுக்காதீங்க. எத்தனை பேர் காயறாங்க தெரியுமா?" என்றார். கன்னடத்தில் காய்வது என்றால் காத்திருப்பது. எனக்கு இரண்டு அர்த்தமும் சரியாகவே பட்டது.

அக்கா மர்பி டவுனில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் மகளோடு இருந்தார். கணவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கார்மென்ட்ஸ் பேக்டரியில் தையல் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசர் ஆகி, ஓய்வு பெற்றவர். செடி கொடியைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. "வாழ்க்க பூரா காலர் தெச்சேன் தம்பி. இது என்னா மண்ணு, என்னா சத்து, எனக்கு என்னா தெரியும்?" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றோம். என் தக்காளி இலை சுருண்டு செத்தது. அவருடைய வெண்டை ஆளுயரம் வளர்ந்து மூன்று காய் காய்த்தது. பெருச்சாளி வந்து முள்ளங்கியைப் பாதி பாதி தின்றுவிட்டுப் போனது. "பாரு, அதுகூடப் பாதிதான் எடுத்துக்குது," என்று அக்கா சிரித்தார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவரைக்காய். மார்கழி, தையில் பெங்களூர் மார்க்கெட் எல்லாம் குவிந்து கிடக்குமே, தோலைக் கையில் எடுத்தாலே எண்ணெய் மாதிரி வாசனை ஒட்டிக்கொள்ளுமே, அந்த அவரை. பருப்பை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் பிதுக்குப் பருப்பு உண்டு என்பதால் அந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை. ஆடியில் ஊன்றினார். மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. முதல் பறிப்பில் என் வீட்டுக்கும் ஒரு பை வந்தது. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, வேலை போன பிறகு முதல் தடவையாக, "பரவால்லயே, நல்லாத்தான் பொழுது போவுது உங்களுக்கு," என்றாள். அதில் கேலி இல்லை. எனக்கு அது தெரிந்தது.

அடுத்த வருடம்தான் அக்கா மாற ஆரம்பித்தார்.

முதலில் கொத்தமல்லி. தனியாவை நசுக்கித் தூவி மண்ணை மூடினார். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் தூவினார். மறுநாளும். "போட்டாச்சேக்கா," என்றேன். "எங்க போட்டேன்? காணமே?" என்றார். முளைத்தபோது பாய் விரித்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாய் அடர்ந்து, மூச்சு விட இடமில்லாமல் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. வயதாகிறது, மறதி என்று நினைத்தேன். நானும்கூடக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவன்தான்.

பிறகு மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வாளியில் தண்ணீர் ஊற்றினார். பிறகு என் பக்கம் வந்து, விரல் அளவுகூட ஆகாத முள்ளங்கியை எல்லாம் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து, "நல்லா வந்துக்குது பாரு தம்பி, நம்ம பக்கம்," என்றார். அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. செங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நம்ம பக்கம் என்றார்.

அதற்குப் பிறகு அடிக்கடி கேட்பார். "இந்தப் பாதி யார்துப்பா?"

"உங்களுதுதான்க்கா."

"அப்ப அந்தப் பாதி?"

"அதுவும் உங்களுதுதான்."

"அப்ப நீ எங்க போவ?" என்று கவலைப்படுவார்.

ஒருநாள் காலை நான் போனபோது அக்கா தோட்டத்துத் தகரக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட புடவை, தலையில் பூ, தோளில் ஒரு பை, பைக்குள் டிபன் டப்பா. "இன்னும் வண்டி வரல தம்பி. லேட்டா போனா கேட்டு மூடிடுவான். கால் நாள் கூலி புடிச்சிடுவான்," என்றார். எந்த வண்டி என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பேக்டரி வண்டி. அதை அவர் விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. "வரும்க்கா, இப்படி உக்காருங்க," என்று கதவோரத் திண்டில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் போனது. ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தார். "ஆளுங்க எல்லாம் போயிட்டாங்களோ?" என்றார். அவர் பையில் இருந்த போனை வாங்கி மகளைக் கூப்பிட்டேன்.

மகள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அம்மாவிடம் எதுவும் கேட்காமல், "இன்னைக்கு லீவு விட்டுட்டாங்கம்மா, எலக்ட்ரிக் லைன் ஏதோ போயிடுச்சாம்," என்றாள். அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப களையெடுத்துட்டுப் போறேன்," என்று உள்ளே போனார்.

அவள் கதவோரத்திலேயே நின்று என்னிடம் சொன்னாள். டாக்டர் சொல்லிவிட்டார். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது. மாத்திரை தள்ளிப்போடும், நிறுத்தாது. "அடுப்பு பத்த வெக்க மறந்துட்டாங்க மாமா. துணி மாத்த மறந்துடறாங்க. என் பேரு சில நாள் வருது, சில நாள் வரல. ஆனா இங்க மட்டும் வழி தப்பாம வந்துடறாங்க. காலைல எழுந்ததும் செடிக்குத் தண்ணி ஊத்தணும்ன்றாங்க. அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு." சொல்லிவிட்டு, "மேடம்கிட்ட சொல்லிடாதீங்க மாமா. எடுத்துடுவாங்க," என்றாள்.

அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அன்றைக்குத்தான் மாமா என்றாள்.

அதிலிருந்து என் வேலை இரட்டிப்பாயிற்று. அக்கா வருவதற்கு முன்னால் போய், முந்தின நாள் அவர் களை என்று பிடுங்கிப் போட்ட நாற்றுகளில் பிழைக்கக்கூடியதைத் திரும்ப நடுவேன். ஒன்றின் மேல் ஒன்றாக விதைத்ததைக் கலைத்துவிடுவேன். கீரைக்கட்டு வாங்கும்போது வேரோடு இருப்பதாகப் பார்த்து வாங்கிவந்து புதைத்ததுகூட உண்டு. அவர் வந்து, "பாரு, எப்படித் தழைச்சிக்குது!" என்று சந்தோஷப்படுவார். ஆடி வந்ததும் அவரை விதையை அவர் கையில் கொடுத்து, கையைப் பிடித்துப் பிடித்து ஊன்ற வைத்தேன். மாதக் கூட்டத்தில் அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டால் முழங்கால் வலி என்பேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவருக்குத் தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒருமுறை என் தோளைத் தாண்டி அக்காவின் பாதியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே கை மாதிரி இருக்கே சார்," என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

என் மனைவிக்கு எல்லாம் தெரியும். "ஊருக்கெல்லாம் நாத்து நடுறீங்க. நமக்கு வயசானா யாரு நடுவா?" என்றாள் ஒருநாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள்.

அவரைக்கொடி பூ விட்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள். தோட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிய அம்மா வீடு திரும்பவில்லை. தோட்டத்தில் பார்த்தேன், இல்லை. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினோம். அக்கம்பக்கத்து ஆட்டோக்காரர்கள் தேடினார்கள். அல்சூர் ஏரிக்கரையில் நடைபயிற்சிக்கு வந்தவர்கள் பார்த்துப் பக்கத்துக் கோயில் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். கால் முழுக்கச் சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்து, "பாத்தியே காணம். பூரா தண்ணி ஏறிடுச்சி," என்று அழுதார். ஏரியைப் பார்த்திருக்கிறார். எல்லாப் பாத்தியையும் தண்ணீர் கொண்டு போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். "இல்லக்கா, அது வேற எடம். நம்ம பாத்தி இருக்குது," என்றேன். நம்பவில்லை. மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வீடுவரை அழுதுகொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு மகள் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு சாவி. வேறு என்ன செய்வாள்? முதல் சில நாள் உள்ளேயிருந்து, "தண்ணி ஊத்தணும், கதவத் தெற," என்று தட்டிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் தட்டுவது குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அது நின்றதைச் சொல்லும்போதுதான் அந்தப் பெண் போனில் உடைந்து அழுதாள்.

அக்காவின் பாதியை நான் விடவில்லை. மறுபடி வரக்கூடும் என்று சொல்லிக்கொண்டேன். வரமாட்டார் என்று தெரியும். அவரைக்குக் குச்சி நட்டேன், கயிறு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன். சேலத்துப் பக்கத்துக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அல்சூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார்கள். பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களில் இப்போது முதலில் நிற்பவர்கள்.

"அங்கிள், அந்தப் பாதியில யாரையுமே பாத்ததில்லையே. யாரோடது?" என்று கேட்டாள்.

"அக்கா ஒருத்தரோடது. ஊருக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

"ஓ. சரிங்க," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. "குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி பேரு குடுத்தோம். இவளுக்கு மண்ணுன்னா என்னன்னே தெரியாது. கீழ விட்டா கால மடக்கிக்கறா," என்று சிரித்தாள். கணவன் குழந்தையை வாங்கி, வேலிக்கு உள்ளே கைவிட்டு, ஓர் அவரைப் பூவை அதன் கன்னத்தில் தொட வைத்தான்.

அந்தப் பெண் நின்ற இடத்தில்தான் நான் ஒரு வருடத்துக்கு மேல் நின்றேன். அக்காவுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்பது உண்மை. அக்காவுக்கு இனி அது பயன்படாது என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மகளிடம் சொன்னேன். அவள், "விட்டுடலாம் மாமா. நான் வந்து மேடம்கிட்ட சொல்றேன். அவரை மட்டும் பறிச்சிட்டுக் குடுத்துடலாம்," என்றாள்.

நாங்கள் காய் பறிக்கும் வரை மேடம் பொறுத்தார். மகள் வந்து சொன்னபோது அவளைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் ஏதேதோ சொன்னார். நான் தள்ளிப்போய் நின்றேன்.

பறித்த அவரையை இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டு மர்பி டவுன் வீட்டுக்குப் போனேன். அக்காவைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முடியை வெட்டிவிட்டிருந்தார்கள். இளைத்துவிட்டார். "யாரு வந்துக்கறாங்க பாரும்மா," என்றாள் மகள். அக்கா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"அவரை கிலோ எவ்ளோப்பா?" என்றார்.

மகள், "அம்மா, அது மாமாம்மா, தோட்டத்து..." என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஒரு விலை சொன்னேன்.

"அய்யய்யோ! என்னாத்துக்கு அவ்ளோ? போன வாரம் குடுத்தியே, பாதி பூச்சி," என்றார்.

"இது நல்லா இருக்கும்மா. வாசன பாருங்க."

ஒரு காயை எடுத்து நகத்தால் கிழித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஏதாவது ஞாபகம் வரும் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, "கொறச்சிக் குடு. வேல இல்லாத ஊட்டுல இவ்ளோ குடுக்க முடியாது," என்றார். குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தார். விரல் தயங்கவே இல்லை. நானும் மகளும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது போனேன். என் பாதியில் விளைந்ததை எடுத்துக்கொண்டு போவேன். கீரை, முள்ளங்கி, நாலு பச்சைமிளகாய். விளைச்சல் இல்லாதபோது மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போவேன். அக்கா பேரம் பேசுவார், திட்டுவார், போன வாரத்துக் குறையைச் சொல்வார். ஒரு தடவை, "மொகம் ஏன் வாடிக்குது? யாவாரம் இல்லியா?" என்று கேட்டு, மகளை டீ போடச் சொன்னார். அந்தப் பேச்சில் எங்கள் பழைய பேச்சின் ஏதோ ஒரு சாயல் இருந்தது. அதற்காகத்தான் போனேன் போல. என் பெயரும் தோட்டமும் அவரிடமிருந்து போய்விட்டன. அதற்காக அவர் மேல் வருத்தப்பட முடியாது. ஆனாலும் படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலிக்கும்.

அக்காவின் பாதியில் சேலத்துப் பெண் வெந்தயமும் பீன்ஸும் போட்டாள். அவரைக் கொடியின் அடிக்கட்டையை அவள் கணவன் பிடுங்கிய அன்று நான் இருந்தேன். வேர் ஆழமாகப் போயிருந்தது. இழுக்க முடியாமல், "அங்கிள், கொஞ்சம் கை குடுங்க," என்றான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். நல்ல பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். நான் கொண்டுபோன கீரையைக் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார். விலை கேட்பதில்லை. நானே ஒரு விலை சொல்லிப் பார்த்தேன், நிறைய கூட்டிச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்குவது நின்றது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், வீட்டில் கொஞ்ச நாள். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் நாற்காலி போட்டிருந்தார்கள். வேலூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மகள் உள்ளே பெண்களுக்கு நடுவே இருந்தாள். எனக்கு யாரையும் தெரியாது. மாலையை வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, ஓரமாக வந்து நின்றேன். உறவுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டம்மாவிடம் மெதுவாக, "இவரு யாரு?" என்று விசாரித்தார்.

"அவரா? காய் கொண்ணாருவாரே, வாரா வாரம். காய்காரரு," என்றார் அந்தம்மா. "நல்ல மனுசன். கெழவிகிட்ட அவ்ளோ பேச்சு வாங்குவாரு."

உறவுக்காரர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். வேறு யாரென்று சொல்வது? பாதிப் பாத்திக்குப் பங்காளி என்றால் அந்த மனுஷருக்கு என்ன புரியும்?

சுடுகாடு வரை போய்விட்டு மத்தியானம் தொம்மலூர் வந்தேன். மனைவி லீவு போட்டிருந்தாள். வாசலிலேயே நிறுத்தி, துண்டும் மாற்று வேட்டியும் கொடுத்து, "நேரா குளிக்கப் போங்க," என்றாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாளி நிரம்பி வழிய ஆரம்பித்தது. குழாயை மூட வேண்டும் என்று தெரிந்தது. கை போகவில்லை. வெளியே மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமே தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. நான் அழுது முடிக்கும்வரை அவளும் எழுந்திருக்கவில்லை.